ஜிலேபிக்கு ஒரு வீடு

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கங்களில் மாப்பிள்ளையின் உத்தியோகம், சிகாகோவின் குளிர், அங்கே கிடைக்கும் கத்தரிக்காய்க்கு ருசியே இல்லை என்ற குறை எல்லாம் வந்து போகின்றன. விஷயம் நாலாவது பக்கத்தில்தான் இருக்கிறது.

"என் பேரனுக்குப் பத்து வயது. பிறந்த நாளைக்குப் பாம்பு வேண்டும் என்கிறான். பொம்மைப் பாம்பு இல்லை அம்மா, உயிருள்ள பாம்பு! என் பெண்ணும் 'யோசிக்கலாம்' என்று சொல்லியிருக்கிறாள். நான் அடுத்த மாதம் அங்கே போய் ஆறு மாதம் இருக்க வேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. பாம்பு இருக்கிற வீட்டில் எப்படிக் கண்ணை மூடுவேன்? நீங்கள்தான் நாலு வார்த்தை எழுதி இதைத் தடுக்க வேண்டும்."

சகோதரி என்னை மன்னிக்க வேண்டும். தடுப்பதற்கு அவர் பிடித்த ஆள் சரியில்லை. பாம்பு இருக்கிற வீட்டில் நான் இரண்டு மாதம் தூங்கியிருக்கிறேன். அதுவும் அடுத்த அறையில். முதல் மூன்று ராத்திரி விளக்கை அணைக்கவில்லை என்பது வாஸ்தவம். நாலாவது ராத்திரியிலிருந்து குறட்டை விட்டதாக அக்கா சொல்கிறாள்.

என் அக்கா இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராயிட் நகரத்துக்குப் பக்கத்தில். அவள் பையனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, 2021 செப்டம்பரில், ஒரு பாம்புக் குட்டி அந்த வீட்டுக்கு வந்தது. ஆரஞ்சு நிறம். உடம்பெல்லாம் சிவப்புத் திட்டுகள். சுருண்டு படுத்திருந்தபோது பார்த்துவிட்டு, பையன் அதற்கு 'ஜிலேபி' என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து அக்கா வீட்டில் ஜிலேபி பிழிவதில்லை. அத்தானுக்கு அதில் இன்றுவரை வருத்தம்.

மேலே போவதற்கு முன் நம் ஊர்த் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுப் பிள்ளை "எனக்கும் ஒன்று" என்று கேட்டால், பதில் சுலபம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். சாரைப் பாம்பானாலும் சரி, மலைப் பாம்பானாலும் சரி. பாம்பு பார்க்க ஆசையென்றால் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. சாயங்காலம் அழைத்துப் போய் வாருங்கள். நான் எழுதப் போவது அமெரிக்காவில் குடித்தனம் செய்யும் நம் பெண்களுக்கும், அவர்களைப் பார்க்கப் போகும் தாயார்களுக்கும்தான்.

ஜிலேபியின் ஜாதிக்குக் 'கார்ன் ஸ்நேக்' என்று பெயர். மக்காச்சோளப் பாம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் வயிற்றுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகக் கட்டம் கட்டமாக இருக்கும். பல நிற மணிகள் கோத்த மக்காச்சோளக் கதிர் மாதிரி. அதனால் அந்தப் பெயர் என்பார்கள். சோளக் களஞ்சியத்தில் எலி பிடிக்க வந்து சுற்றியதால் என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பிரதேசங்கள் அதற்குச் சொந்த ஊர். விஷம் கிடையாது. இரையைச் சுற்றி நெருக்கிக் கொன்று விழுங்கும் வகை. முட்டையிலிருந்து வெளிவரும்போது ஒரு சாண், ஒன்றேகால் சாண் நீளம். சுண்டுவிரல் பருமன்கூட இராது. வளர்ந்தால் மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை. சாது. புதிதாகப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு அங்கே பெரும்பாலோர் சிபாரிசு செய்வது இதைத்தான்.

ஆனால் ஒன்று. இது பதினைந்து வருஷம், இருபது வருஷம் உயிரோடு இருக்கக்கூடிய ஜந்து. பத்து வயதுப் பேரன் கேட்கிறான் என்று வாங்கினால், அவன் பதினெட்டு வயதில் காலேஜுக்குப் போய் விடுதியில் தங்கும்போது அந்தப் பாம்புக்கு எட்டு வயதுதான் ஆகியிருக்கும். விடுதியில் பாம்புக்கு இடம் கொடுப்பார்களா? அப்புறம் அது யாருடைய பாம்பு? அம்மாவுடைய பாம்பு! ஆகவே, "உனக்குப் பாம்பு வேண்டுமா?" என்று பையனைக் கேட்பதற்கு முன்னால், "எனக்கு வேண்டுமா?" என்று உங்கள் பெண் தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது. என் அக்கா கேட்டுக்கொள்ளவில்லை. அதன் பலனைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜார்ஜியா மாநிலத்தில் இந்தப் பாம்பு காட்டில் தானாகவே திரிகிறது; அதனாலேயே அங்கே அதை வீட்டில் வளர்க்கக் கூடாது என்று சட்டம். அட்லாண்டாவில் பெண்ணைக் கொடுத்திருப்பவர்கள் கவனிக்கவும். ஹவாய்த் தீவுகளிலோ எந்தப் பாம்பையுமே வைத்துக்கொள்ள முடியாது.

இனி வீட்டு விஷயத்துக்கு வருவோம். நாம் புது வீட்டுக்குப் போவதென்றால் என்ன செய்கிறோம்? வீட்டைப் பார்த்து, வெள்ளையடித்து, தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திருகிப் பார்த்த பிறகுதானே பால் காய்ச்சுகிறோம்? பாம்புக்கும் அப்படித்தான். வீடு முதலில், பாம்பு அப்புறம். பெட்டியை வைத்து, உஷ்ண சாதனத்தைப் போட்டு, நாலைந்து நாள் சும்மா ஓட விட்டு, உஷ்ணம் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாம்பை வாங்கப் போக வேண்டும். அக்கா வீட்டில் பாம்பும் பெட்டியும் ஒரே நாளில், ஒரே காரில் வந்து இறங்கின. கடைக்காரர் எதையெதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாரோ அதையெல்லாம் அத்தான் வாங்கி வந்துவிட்டார். பாம்பின் விலையைப் போல் இரண்டு பங்குக்கு மேல் சாமான்களுக்கே ஆயிற்று. அதில் பாதி தப்பான சாமான்.

முதல் தப்பு, மூடி. கண்ணாடித் தொட்டியின் மேல் கம்பி வலை மூடி சும்மா உட்கார்ந்திருந்தது. கொக்கி இல்லை, பூட்டு இல்லை. பாம்பு என்ன செய்யும் தெரியுமா? ராத்திரி முழுக்க மூடியின் ஓரத்தை மூக்கால் முட்டி முட்டிப் பார்க்கும். எங்கே இளக்கம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறவரை ஓயாது. தலை நுழைகிற இடத்தில் உடம்பு நுழைந்துவிடும். மூன்றாம் நாள் காலையில் பையன் எழுந்து பார்த்தான். தொட்டி இருந்தது, ஜிலேபி இல்லை.

அன்று அந்த வீட்டில் நடந்த அமளியை நான் டெலிபோனில் கேட்டேன். அக்கா சாப்பாட்டு மேஜையின் மேல் உட்கார்ந்து பேசினாள். தரையில் காலை வைக்கவில்லை. "இன்றைக்கே ஓட்டலுக்குப் போய்விடலாம்" என்றாள். பையன் அழுதுகொண்டிருந்தான். அவன் அழுதது பாம்புக்காக. "அம்மா, அதற்குக் குளிரும் அம்மா" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது.

அப்புறம் யாரோ அநுபவஸ்தர் ஒரு யோசனை சொன்னார். ராத்திரி ஒவ்வொரு அறையின் வாசற்படியிலும் மாவைத் தூவி வையுங்கள். பாம்பு போனால் தடம் தெரியும் என்று. கோலம் போட வைத்திருந்த அரிசி மாவை அக்கா எடுத்துக் கொடுத்தாள். இரண்டு ராத்திரி ஒன்றுமில்லை. மூன்றாவது ராத்திரி சமையலறை வாசற்படியில் மாவின் மேல் நெளி நெளியாக ஒரு கோடு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், மோட்டார் சூடாக இருக்கும் இடத்தில், ஜிலேபி சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி ஓடிப்போன பாம்புகள் பெரும்பாலும் வெதுவெதுப்பான, இருட்டான, இடுக்கான இடத்தைத்தான் தேடும். ஆகவே, கொக்கி போட்டு இறுக மூடும் பெட்டியாக வாங்குங்கள். முன்பக்கம் கதவு திறக்கும்படியான பெட்டிகள் கிடைக்கின்றன, அதுதான் சிலாக்கியம். மேலேயிருந்து கை வந்தால் பருந்து வருகிறதென்று பாம்பு பயப்படும். பக்கத்திலிருந்து வந்தால் அவ்வளவு பயமில்லை.

பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? குட்டியாக இருக்கும்போது சின்னப் பெட்டி போதும். வளர்ந்த பாம்புக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்று இப்போது சொல்கிறார்கள். பழைய புத்தகங்களில் இதில் பாதிகூட இராது. பாம்பு எப்போதும் சுருண்டுதானே கிடக்கிறது, அதற்கெதற்கு இடம் என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். உடம்பை முழுக்க நீட்ட இடமிருந்தால் அது நீட்டத்தான் செய்கிறது. அக்கா வீட்டில் நானே பார்த்தேன்.

பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடம் அவசியம் வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், உஷ்ணமா மறைவா என்று பாம்பு தவிக்கும். பயத்தில் மறைவைத்தான் பிடிக்கும். குளிரில் கிடந்து செரிக்காமல் அவஸ்தைப்படும். அரண்மனை மாதிரி மறைவிடம் வேண்டாம். உடம்பு நாலு பக்கமும் உரச வேண்டும். அப்போதுதான் அதற்குத் தைரியம். ஒரு கனமான தண்ணீர்க் கிண்ணம். ஏறுவதற்கு ஒரு மரக்கிளை. கீழே பரப்புவதற்கு ஆஸ்பென் மரச்சீவல் அல்லது தேங்காய் நார்த் தூள். எதுவும் கிடைக்காவிட்டால் வெறும் காகிதத் துவாலை போதும். தேவதாரு, பைன் மரச்சீவல்கள் கம்மென்று மணக்கும், வாங்கிவிடாதீர்கள். அந்த வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்கு ஆகாது. ஒரு பெட்டியில் ஒரு பாம்புதான். துணைக்கு இன்னொன்று என்று நினைக்க வேண்டாம்; பாம்புக்குத் தனிமை துன்பமில்லை. ஒன்றை ஒன்று விழுங்கிவிட்ட கதையும் உண்டு.

உஷ்ண விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நமக்கு உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருகிறது. பாம்புக்கு வெளியேயிருந்து வர வேண்டும். சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போகும், போதுமென்றால் குளிர்ந்த இடத்துக்கு வரும். இரண்டும் அதன் வீட்டில் இருக்க வேண்டும். சூடான பக்கம் 85-லிருந்து 88 டிகிரி ஃபாரன்ஹீட். நம் ஊர்க் கணக்கில் 29-லிருந்து 31 டிகிரி. குளிர்ந்த பக்கம் 75-லிருந்து 80-க்குள். அதாவது 24-லிருந்து 27. சுருக்கமாகச் சொன்னால், சென்னையின் மார்கழியும் ஆடியும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும்.

இங்கேதான் அத்தானின் இரண்டாவது தப்பு. கடையில் 'சூட்டுக் கல்' என்று ஒன்று கொடுத்திருந்தார்கள். கல் மாதிரி செய்து உள்ளே மின்சாரக் கம்பி வைத்தது. பார்க்க அழகாக இருக்கும். ஜிலேபி அதன் மேலேயே படுத்துக் கிடந்தது. "பார், எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது" என்று எல்லோரும் மகிழ்ந்து போனார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் வயிற்றுப் பக்கத்துச் செதிள்கள் பழுப்பேறிக் கிடந்ததைப் பையன் பார்த்தான். தீக்காயம்! வயிற்றுக்குக் கீழே சுடுகிறது என்று விலகிக்கொள்ளும் புத்தி பாம்புக்குப் போதாது. சுடச்சுட அப்படியே கிடக்கும். பாம்புக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்தார். களிம்பு தடவி, நாலைந்து முறை சட்டை உரித்த பிறகுதான் வடு மறைந்தது. அன்றைக்கே அந்தக் கல் குப்பைக்குப் போயிற்று.

அதற்குப் பதிலாகப் பெட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட், அல்லது மேலேயிருந்து சூடு தரும் விளக்கு. எதுவானாலும் 'தெர்மோஸ்டாட்' இல்லாமல் போடவே கூடாது. இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறியதும் தானே அணைகிறதல்லவா, அதே வேலைதான். உள்ளே விளக்கு இருந்தால் பாம்பு அதில் சுற்றிக்கொள்ளாதபடி கம்பிக் கூண்டு போட வேண்டும். கண்ணாடியில் ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டரை நம்ப வேண்டாம். முனையில் கம்பி நீண்டிருக்கும் டிஜிட்டல் வகையை வாங்கி, பாம்பு படுக்கும் இடத்திலேயே முனையை வைத்துப் பாருங்கள். இத்தனையும் சேர்ந்து ஆகிற செலவில், அந்தச் சின்னத் தெர்மோஸ்டாட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாம்பு வந்த முதல் வாரம் அதைத் தொடவே கூடாது. பேரனுக்கு இதுதான் பெரிய தண்டனை. புதுப் பெண் புகுந்த வீட்டுக்கு வந்ததும் ஊரே கூடி முகத்தைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? தனியாக விட்டு, ஒரு வாரம் கழித்து இரை கொடுத்து, இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு கையில் எடுக்கலாம். வாங்கும்போதே, காட்டில் பிடித்ததா, வீட்டில் பொரித்ததா என்று கேட்டு, வீட்டில் பொரித்ததையே வாங்க வேண்டும். காட்டுப் பாம்பு பயந்து இரை எடுக்காது. உண்ணியும் பூச்சியும் கூடவே வரும். 'எங்கள் கண்ணெதிரில் ஒரு முறை இரை கொடுத்துக் காட்டுங்கள்' என்று கேட்பதில் தப்பில்லை.

இரை என்றதும் திருச்சிச் சகோதரியின் முகம் எனக்குத் தெரிகிறது. அக்காவின் முகமும் அப்படித்தான் போயிற்று. எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கியதில்லை. "கொஞ்சம் பால் வைத்தால் குடிக்காதா?" என்று கேட்டாள், பாவம். புற்றுக்குப் பால் வார்த்த கை அல்லவா! பாம்புக்குப் பால் ஆகாது. அதைச் செரிக்கும் சக்தி அதற்கு இல்லை. ரொட்டி, காய்கறி, பழம் எதுவும் உதவாது. முட்டை மட்டுமே தின்று வாழும் ஒரு ஜாதி ஆப்பிரிக்காவில் உண்டு. ஆனால் அதன் குட்டிக்குச் சிட்டுக் குருவி முட்டையளவில் தேடிக் கொடுக்க வேண்டும். அது முதல் முறை வளர்ப்பவர்களால் ஆகிற காரியமில்லை. கார்ன் ஸ்நேக் சாப்பிடுவது எலி. எலி ஒன்றுதான்.

அங்கே எலியைக் கொன்று, உறைய வைத்து, பொட்டலம் கட்டி விற்கிறார்கள். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவது இரண்டு பேருக்கும் கொடுமை. மூலையில் மாட்டிய எலி பாம்பையே கடித்துக் குதறிவிடும். பாம்பின் உடம்பில் பருமனான இடம் எவ்வளவோ, அந்த அளவு அல்லது சற்றே கூடுதலான எலி. குட்டிக்கு ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒரு முறை. வளர்ந்த பாம்புக்குப் பத்து, பதினாலு நாளைக்கு ஒரு முறை போதும். மாதத்துக்கு இரண்டு நாள் சமையல் என்றால் நமக்குக்கூடக் கசக்காது! உறைந்த எலியை இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, பிறகு ஒரு பையில் கட்டி வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே கூடாது. ஏன் என்று நான் விவரித்து எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

இந்த எலிப் பொட்டலத்தை எங்கே வைப்பது? அக்காவுக்கும் அத்தானுக்கும் நடந்த ஒரே நிஜமான சண்டை இதுதான். தேங்காய்த் துருவலுக்கும் முருங்கைக்காய்க்கும் பக்கத்தில் எலி என்றதும், "ஒன்று அது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டாள். கடைசியில் கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு சின்னக் குளிர்பெட்டி தனியாக வந்தது. இடுக்கி, கிண்ணம், பை எல்லாம் அங்கேயே. என்னைக் கேட்டால் அக்கா கட்சிதான் சரி. ஆசாரத்துக்காக மட்டும் இல்லை. பாம்பு, பல்லி, ஆமை இவற்றின் உடம்பில் 'சால்மோனெல்லா' என்ற கிருமி இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. நமக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். குழந்தைகளுக்கு வந்தால் ஆபத்துகூட. 1975-ல் அமெரிக்காவில் நாலு அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்கவே கூடாது என்று தடை போட்டதற்கு இந்தக் கிருமிதான் காரணம். ஆகவே, தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பாம்பின் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், இந்தப் பேச்சையே சில வருஷங்களுக்கு ஒத்திப்போட்டுவிடலாம். என் அபிப்பிராயத்தில் அதில் விவாதத்துக்கே இடமில்லை.

சட்டை உரிப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. திடீரென்று ஒரு நாள் பாம்பின் நிறம் மங்கி, கண் நீலம் பாரித்துப் பால் விட்ட மாதிரி ஆகிவிடும். பையன் பயந்துவிடுவான். பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சமயத்தில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. எடுக்காமல் விட்டுவிட்டால் போதும். சில நாளில் கண் தெளியும், பிறகு காலுறையைத் திருப்பிக் கழற்றுவது போல் முழுச் சட்டையும் ஒரே துண்டாக வந்துவிடும். துண்டு துண்டாக வந்தால் பெட்டியில் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். சாதாரணமாக 40-லிருந்து 60 சதவிகிதம் ஈரப்பதம் வேண்டும். பனிக் காலத்தில் வீட்டுக்குச் சூடேற்றும்போது காற்று வறண்டுவிடும். அப்போது ஒரு டப்பாவில் ஈரப் பாசியைப் போட்டு, ஓட்டை செய்து உள்ளே வைத்தால் அதுவே போய்ப் படுத்துக்கொள்ளும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதிள். அதுவும் சட்டையோடு கழன்று வர வேண்டும். வராமல் ஒட்டிக்கொண்டால் நகத்தால் கிள்ளாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

பின்னால் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். ஜிலேபி வந்து பதினேழு மாதம் வரை அக்கா அதைத் தொட்டதே கிடையாது. அந்த அறைக்குப் போனால் சுவரோரமாகப் போய்ச் சுவரோரமாகவே வருவாள். 2023 பிப்ரவரி 22-ந் தேதி, புதன்கிழமை. மத்தியானம் ஜிலேபிக்கு இரை கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் தென்கிழக்கு மிச்சிகனில் பனிமழை பிடித்துக்கொண்டது. விழுகிற மழை மரத்திலும் கம்பியிலும் அப்படியே உறைந்து, பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்சாரக் கம்பிகளின் மேல் விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் போய்விட்டது. அக்கா வீட்டிலும் போயிற்று. அத்தான் உத்தியோக காரியமாக வெளியூரில்.

இரை எடுத்த பாம்புக்கு உஷ்ணம் இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பது செரிக்காது. உள்ளேயே அழுகும். பட்டினியாக இருக்கிற பாம்பு இரண்டு நாள் குளிரைத் தாங்கிவிடும். சாப்பிட்ட பாம்புதான் தாங்காது. பையனுக்கு இது தெரியும். வீட்டுக்குள் 60 டிகிரி, அப்புறம் 55 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இறங்கிக்கொண்டே வந்தது. இரை எடுத்த பாம்பை இரண்டு நாள் தொடக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். என்ன செய்வான்? பதினொரு வயதுப் பையன்.

ஒரு தலையணை உறையில் அசையாமல் ஜிலேபியை எடுத்து வைத்துக் கட்டினார்கள். மளிகைச் சாமான் வந்த தெர்மகோல் பெட்டியில் காற்றுக்கு நாலு துளை போட்டு அதை உள்ளே வைத்தார்கள். காஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்துத் தண்ணீர் காய்ச்சி, பாட்டில்களில் ஊற்றி, துவாலையில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். சூடு அதிகமாகிவிட்டால் மறுபடியும் தீக்காயம், குறைந்தால் அழுகல். குழந்தைக்குப் பால் கொடுக்கு முன் புறங்கையில் விட்டுப் பார்ப்போமே, அப்படி ஒவ்வொரு பாட்டிலையும் பார்த்துப் பார்த்து வைத்தாள் அக்கா. மூன்று மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். முதல் ராத்திரி பையனும் கூட விழித்திருந்தான். இரண்டாம் ராத்திரி அவனால் முடியவில்லை, தூங்கிவிட்டான்.

"மணி மூணு இருக்கும்டி" என்று அக்கா பிறகு சொன்னாள். "பாட்டிலை எடுக்கணும்னா பையைத் தூக்கியாகணும். எழுப்பலாமான்னு பார்த்தேன். வாயைத் திறந்துண்டு தூங்கறான். சரின்னு நானே தூக்கினேன். உள்ளே மெதுவா நகர்ந்தது. கையைப் போட்டுடலாம்னு வந்தது. போடலே. ஈரமே இல்லைடி. நான் இத்தனை நாளா வழவழன்னு ஈரமா இருக்கும்னு நினைச்சிண்டிருந்தேன். காய்ஞ்ச பட்டுப் புடவையைச் சுருட்டிக் கையிலே வெச்ச மாதிரி இருந்தது."

சனிக்கிழமை மின்சாரம் வந்தது. ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. இரையைக் கக்கிவிட்டால் அவ்வளவு பாடும் வீண். ஒரு தடவை கக்கின பாம்பு தேறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தபோதெல்லாம் அக்காதான் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறாள், சுவரோரமாக இல்லை, நேராகவே. செவ்வாய்க்கிழமை நடுநிசியில் என் டெலிபோன் மணி அடித்தது. அந்த வேளையில் அமெரிக்காவிலிருந்து டெலிபோன் என்றால் நமக்கு நெஞ்சு பதறுமா, பதறாதா? ஓடிப்போய் எடுத்தேன்.

"வெளிக்குப் போயிடுத்துடி!" என்றாள் அக்கா.

யார், எங்கே என்று புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது.

பையனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. இன்னும் சில வருஷத்தில் காலேஜ். ஜிலேபிக்கு நாலடி நீளத்தில் புதுப் பெட்டி வந்திருக்கிறது. அதை எந்தச் சுவரோரம் வைப்பது என்று அக்கா அளந்து அளந்து பார்த்தாளாம். பனிக் காலத்துக்கென்று தெர்மகோல் பெட்டி ஒன்று, காலிப் பாட்டில் நாலு, வெள்ளைத் தலையணை உறை ஒன்று, மூன்றையும் பரண் மேல் தயாராக வைத்திருக்கிறாள். மழை, புயல் என்று செய்தி வந்தால் இரை கொடுப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்றும் சட்டம் போட்டிருக்கிறாள்.

திருச்சிச் சகோதரிக்கு: உங்கள் பெண் வீட்டில் சின்னக் குழந்தை இல்லை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. வாங்குவதா, வேண்டாமா என்பதை அவளே தீர்மானிக்கட்டும். இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பி வையுங்கள். வாங்கினார்களானால், நீங்கள் போய் இறங்கியதும் பெட்டியின் கொக்கியை உங்கள் கையாலேயே ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். உங்கள் படுக்கையறைக் கதவின் அடியில் ஒரு துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டால் தூக்கம் வரும், எனக்கு வந்தது. "பாட்டி, ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்" என்று பேரன் கெஞ்சுவான். அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பாம்பு, பல்லிகளைத் தொடாமலிருப்பதே நல்லது என்று அமெரிக்காவின் அரசாங்கச் சுகாதார இலாகாவே சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.